ஒரு இழுப்புக்கு இரண்டு

அடையாறில் ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தபோது லாரன்ஸுக்கு போன் வந்தது. கையெல்லாம் எண்ணெய். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். மனைவி ஜான்சி. குரலில் அழுகை இல்லை; மூச்சு மட்டும் வாங்கியது.

"யோவ், மாடி ரூம்ல உன் துப்பாக்கி இல்ல."

"இன்னா சொல்ற?"

"பாரத்து காலைல சாவி கேட்டான், குட்த்தேன். இப்ப மீன் மார்க்கெட்டாண்ட ஒரே கும்பலா கீது. தமிழ்மாறன சுட்டுட்டானாம்."

"எத்தினி தபா?" என்றான் லாரன்ஸ்.

"ரெண்டு தபான்றாங்க. நீ இன்னாய்யா, ஆளு கீறானா செத்தானான்னு கேக்காம."

அவள் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கழற்றிய வால்வை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தான். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு யாரோ காத்திருந்தார்கள், அதுவும் நினைவில்லை.

லைசென்ஸ் தேவைப்படாத சாதாரணக் காற்றுத் துப்பாக்கியாகத்தான் அது பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாக லாரன்ஸ் பல் மருத்துவமனைகளின் நாற்காலிகளையும் கம்ப்ரஸர்களையும் பழுது பார்க்கிறவன். அடைபட்ட காற்று எங்கே கசியும், எப்போது சீறும் என்பது அவனுக்குக் கைப்பாடம். வாங்கிய துப்பாக்கியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பிரித்துப் பார்த்தான். அந்த ஞாயிறு நான்கு வருடம் நீண்டது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தயார் செய்ய வேண்டிய துப்பாக்கியை, விசையை இழுக்க இழுக்க அடுத்த குண்டு தானே வந்து உட்காரும் துப்பாக்கியாக மாற்றினான். பிரேசிலிலும் போலந்திலும் இருந்த, முகம் தெரியாத மனிதர்களுக்கு போட்டோ அனுப்பிச் சந்தேகம் கேட்டான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கி, உடைந்த டைல்ஸ் துண்டுகளை நிற்கவைத்துச் சுட்டான். சட்டம் அனுமதித்த வேகத்தை அது எப்போதோ தாண்டிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வெளியில் யாருக்கும் காட்டவில்லை.

ஒரே ஒரு கோளாறு இருந்தது. எப்போதாவது, இருபது முப்பது முறைக்கு ஒருமுறை, ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டுகள் போகும். விசையைப் பிடித்து நிறுத்த வேண்டிய சின்ன இரும்புக் கொக்கி சில சமயம் நழுவியது. அதனால் சோதிக்கும்போது இரண்டு குண்டுகளுக்கு மேல் போடுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தான். மீறிப் போனால் இரண்டோடு நிற்கும். கொக்கியை ஆறு முறை மாற்றினான். கடைசியாக மாற்றி மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு நாற்பது குண்டுகள் சுட்டும் கோளாறு வரவில்லை. ஆனால் ஏன் போனது என்று அவனுக்குத் தெரியாது. காரணம் தெரியாமல் போன கோளாறை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. எந்த டாக்டரிடமும் 'சரியாகிவிட்டது' என்று சொல்லாமல் 'இப்போதைக்கு ஓடுகிறது' என்றுதான் சொல்லிவிட்டு வருவான்.

ஜான்சியின் தம்பி பாரத்துக்கு இருபத்தாறு வயது. ஃபைபர் படகில் பங்கு. இரண்டு மாதத்துக்கு முன் அவன் வலையை யாரோ நடுவில் வெட்டியிருந்தார்கள். அதே கரையில் படகும் ஆட்களும் வைத்திருந்த தமிழ்மாறன்தான் வெட்டினான் என்று பாரத் போய்க் கேட்டான். கேட்ட இடத்திலேயே அவனைப் பிடித்துப் படகின் முனையில் கட்டினார்கள். தமிழ்மாறன் கடலில் நனைந்த நங்கூரக் கயிற்றை நான்காக மடித்து, மார்க்கெட் கூடியிருந்த நேரத்தில், நிதானமாக அடித்தான். முதுகில் ஆரம்பித்து முகத்துக்கு வந்தான். மீன் வாங்க காரில் வந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். முன்பல் இரண்டும் மணலில் விழுந்தபோது தமிழ்மாறன் குனிந்து அவற்றைப் பொறுக்கி, ஐஸ் பெட்டி மேல் வைத்து, "வாங்கறவங்க வாங்கிக்கங்கம்மா, புது சரக்கு" என்றான். சிலர் சிரித்தார்கள். பாரத்துக்கு அந்தச் சிரிப்புதான் அதற்குப் பிறகும் காதில் இருந்தது.

லாரன்ஸ் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் அழைத்துப்போய்ப் பல் கட்டவைத்தான். அதற்குப் பிறகும் பாரத் யாரிடமும் பேசவில்லை, கடலுக்கும் போகவில்லை. ஒருநாள் லாரன்ஸே அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்தான்.

"சும்மா அடிச்சிப் பாருடா. மனசு லேசாவும்."

"இது இன்னா மாமா, பாக்க விளையாட்டு சாமான் மாரி கீது."

"விளையாட்டு சாமானா? கொஞ்சம் லூசு இது. ஒண்ணு கேட்டா ரெண்டு குடுக்கும்."

பாரத் அன்று முதல்முறையாகச் சிரித்தான். புதுப் பல் இரண்டும் மற்றவற்றைவிட வெள்ளையாகத் தெரிந்தன. டைல்ஸ் துண்டு சிதறும்போதெல்லாம் லாரன்ஸும் சிரித்தான். சிதறியது வெறும் டைல்ஸ் என்று அவனும் நினைக்கவில்லை.

லாரன்ஸ் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணலில் ரத்தத்தின் மேல் ஐஸைக் கொட்டியிருந்தார்கள். ஐஸ் இளஞ்சிவப்பாகக் கரைந்து ஓடியது. முதல் குண்டு ஐஸ் பெட்டியில், இரண்டாவது தமிழ்மாறனின் இடது கண்ணில். சுட்டுவிட்டு பாரத் ஓடவில்லையாம். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். தமிழ்மாறனின் ஆட்கள் துடுப்பாலும் மீன் வெட்டும் பலகையாலும் அவனை அடித்தார்கள். போலீஸ் வந்து பிடுங்கும்வரை அடித்தார்கள். கட்டிய பல் இரண்டும் மறுபடி போயிருந்தன. வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் தமிழ்மாறனின் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சந்திரிகா லாரன்ஸை உட்காரச் சொன்னாள். எதிரில் பாலித்தீன் உறையில் அவன் துப்பாக்கி.

"செஞ்சது நீதானே?"

"ஆமா மேடம்."

"அதுக்கு உன்மேல தனி கேஸ். அது இருக்கட்டும். உன் மச்சான் என்ன சொல்றான் தெரியுமா? பக்கத்துல இருந்த பொட்டியத்தான் குறி வெச்சானாம், மிரட்டறதுக்கு. ஒரு தடவதான் இழுத்தானாம். துப்பாக்கி தானா ரெண்டாவது குண்டு விட்டுடிச்சாம். அப்படி ஒரு கோளாறு இருக்கா?"

லாரன்ஸ் உறையைப் பார்த்தான். "இருந்துச்சி மேடம்."

"இருந்துச்சியா, இருக்கா?"

அவன் உறையின் மேலாகவே விசை இருந்த இடத்தை விரலால் தடவினான்.

"லேப் ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். ஒரு இழுப்புன்னா அது ஒரு கேஸ். ரெண்டுன்னா கொலை முயற்சி. உள்ள இருந்ததே ரெண்டு குண்டு, ரெண்டும் போயிருக்கு. பத்து இருந்திருந்தா பத்தும் போயிருக்குமோ என்னமோ. நாளைக்கு சாயங்காலம் வா. கோர்ட்டுக்கு இது செல்லாது. எனக்குத் தெரியணும், என் எதிர்ல சுட்டுக் காட்டு."

அன்று ஜான்சி சோறு ஆக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கணக்கு வாத்தியார் மாதிரி விரலை மடக்கினாள்.

"துப்பாக்கி மேல தப்புன்னா உனுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அவன் மேல தப்புன்னா பத்து வருஷம். வெளிய வந்தாலும் அவனுங்க உட்டுருவானுங்களா? நீ போய் காட்டு. அது ரெண்டு சுடும்னு நீதான சொல்லிகினு இருந்த?"

"இப்ப சுடல ஜான்சி. ரிப்பேர் பண்ணிட்டேன்."

"யாரு உன்ன ரிப்பேர் பண்ண சொன்னது?" என்றாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் நின்றான். சம்பவம் நடந்தபோது நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தவள் பொன்மணி. சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே அவனை ஏறிட்டாள்.

"இன்னா நைனா, உன் மச்சான் வீரத்த கேக்க வந்தியா?"

"ரெண்டு சத்தம் எப்டிக்கா கேட்டுச்சி? எவ்ளோ கேப்பு?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையால் தொடையில் இரண்டு முறை தட்டினாள். தப், தப்.

"இன்னொரு தபா."

மறுபடி தட்டினாள். லாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அந்தக் கோளாறு வரும்போது இரண்டு சத்தம் தனித்தனியாகக் கேட்காது. துணி கிழிவதுபோல 'டர்' என்று ஒன்றாக வரும். இவள் தட்டலுக்கு நடுவில் இடம் இருந்தது. ஆனால் மனிதக் கை அதைவிட வேகமாகத் தட்டாதே, அவள் என்ன செய்வாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"நடுவுல தமிழ்மாறன் எதுனா சொன்னானா?"

பொன்மணி மீனைத் திருப்பிப் போட்டாள். "பொட்டியில பட்டதும் சிரிச்சான். இல்ல, சிரிக்க வாய தொறந்தான். எனுக்கு எதுக்குப்பா ஊர் வம்பு."

ஸ்டேஷனின் பின்புறம் பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. டயர் இல்லாத ஆட்டோ ஒன்றின் சீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி வைத்தார்கள். பன்னிரண்டு அடி தூரத்தில் லாரன்ஸ். அவன் முதுகுக்குப் பின்னால் சந்திரிகாவும் ஓர் ஏட்டும். பக்கவாட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கைக்கட்டோடு பாரத் நின்றான். அவனையும் பார்க்கவைக்க வேண்டும் என்று சந்திரிகா சொல்லியிருந்தாள்.

இரண்டு குண்டுகள் போட்டான். இழுத்தான். ஒன்று போனது. கேனிலிருந்து தண்ணீர் கம்பிபோல நீண்டு விழுந்தது. இன்னொரு முறை இழுத்தான், இன்னொன்று போனது. மறுபடி இரண்டு. ஒவ்வொன்றாகப் போயின. நான்கு வருடம் எந்தச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுத்தானோ, அந்தச் சத்தத்துக்காக இன்று மாதா பெயரைச் சொல்லிக்கொண்டு இழுத்தான். துப்பாக்கியைத் தட்டினான். குலுக்கினான். கை ஈரத்தைப் பேண்ட்டில் துடைத்தான். பத்து இழுப்பு, பத்துக் குண்டு. கேன் நாலாபக்கமும் ஒழுகியது. ஏட்டு அதை மாற்றிவிட்டு வேறு கேன் வைத்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கே," என்றாள் சந்திரிகா. அதில் கிண்டல் இல்லை. நான்கு வருடத்தில் அந்தத் துப்பாக்கியை இப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பாரத் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. கேனையும் பார்க்கவில்லை. குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரன்ஸ் இதைப் பல மருத்துவமனைகளில் பார்த்திருக்கிறான். கைதவறிக் கருவியைக் கீழே போட்ட நர்ஸ், 'அதுவா நின்னுடிச்சிண்ணா' என்பாள். அவன் அதைத் திறந்து சோதிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள். உண்மையிலேயே தானாக நின்றிருந்தால், அவன் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்ப்பாள்.

"கடைசி ரெண்டு," என்றாள் சந்திரிகா. "அப்புறம் நான் எழுத ஆரம்பிச்சிடுவேன்."

அவன் போட்டான். தோளில் ஏற்றினான். விசை நகரும் தூரத்தை அவன் முன்பே ஓர் அரிசி அகலத்துக்குக் குறைத்திருந்தான். அதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. விரல் அசைவதைப் பின்னால் நிற்கிறவர்கள் பார்க்க முடியாது. ஒருமுறை இழுத்து, விட்டு, சட்டென்று மறுபடி இழுத்தால் ஒரே இழுப்பு என்றாகிவிடும். மூச்சை நிறுத்தினான். ஜான்சி மடக்கிய விரல்கள் கண்ணுக்குள் வந்தன. கேனின் நடுவைப் பார்த்தான்.

இழுத்தான். விட்டான். உதைப்பில் ஏறியதுபோல முனையைக் கொஞ்சம் தூக்கி, இழுத்தான்.

எவ்வளவு வேகமாகச் செய்தும் இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இடம் இருந்தது. ஒருவன் சிரிக்க வாய் திறக்கும் அளவுக்கு இருந்தது. முதல் குண்டு போன பிறகு விரலைத் திரும்பவும் வளைக்க எவ்வளவு மனசு வேண்டும் என்பது இப்போது அவன் விரலுக்குத் தெரிந்தது.

"ஒரு தடவதான் இழுத்தியா?" என்றாள் சந்திரிகா.

ஜன்னல் கம்பியருகே பாரத் தலையைத் தூக்கினான். வீங்கிய உதடு பிரிந்து, பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது. அன்று மாலை முதன்முறையாக மாமனை நேராகப் பார்த்தான். லாரன்ஸால் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்ப முடியவில்லை. கேனில் இரண்டு ஓட்டைகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. மேலே இருந்ததிலிருந்து விழுந்த தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. கீழே இருந்தது ஆட்டோவின் கிழிந்த சீட்டை நனைத்துக்கொண்டு இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.