எல்லம்மா கிள்ளிய நீலப்பூச் செடி

விதையைப் பார்த்ததுமே சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவரம் செய்கிற பிரஷ்ஷை அரிசி அளவுக்குச் சுருக்கியதுபோல, ஒவ்வொரு விதைக்கும் ஒரு நுனியில் மயிர்க்கொத்து இருந்தது.

"மீச வெச்ச வெதைய இப்பத்தான் பாக்கறேன். இது இன்னா குடுக்கும்?"

"பூ குடுக்கும். நீலப்பூ. கார்ன்பிளவர்னு பேரு" என்றார் தனக்கோடி.

"வாசன வருமா?"

"வராது."

"தலையில வெக்கலாமா?"

"நிக்காது."

"சாமிக்கு?"

"ஆவாது. போதுமா?"

"அப்ப எதுக்குய்யா இத்தப் போடற? ரெண்டு கத்திரிச் செடி வெச்சா கொழம்புக்காவது ஆவும்."

எதற்கு என்று சின்னத்தாயிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே கேட்பதுதான் அவளுடைய பழக்கம். தனக்கோடிக்கு எரிச்சல் ஊட்டுவதற்கு வேறு ஆள் தேவைப்படாத வீடு அது.

தனக்கோடி முப்பது வருஷம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்து பங்களா ஒன்றில் தோட்ட மாலியாக இருந்தவர். ஜனவரி தவறாமல் நடக்கும் கண்டோன்மெண்ட் பூக்காட்சியில் பங்களாவின் துரைசானி பதினோரு முறை கோப்பை வாங்கினாள். துரைசானி ஒருநாளும் மண்ணைத் தொட்டவள் அல்ல. விதைத்தது, களை பிடுங்கியது, பனியில் போர்த்தியது, பூவை ஈரத்துணியில் சுற்றித் தலையில் சுமந்துபோனது எல்லாம் தனக்கோடி. ஒருமுறை பத்திரிகையில் படம் வந்தது. துரைசானி இருந்தாள், கோப்பை இருந்தது, பூந்தொட்டி இருந்தது. தொட்டியைத் தாங்கியபடி ஓரத்தில் தனக்கோடியின் முழங்கை இருந்தது. அந்தப் படத்தைச் சின்னத்தாயி கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். வருகிறவர்களிடம், "இதான் எங்க வூட்டுக்காரரு" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டுவாள். தனக்கோடிக்கு அந்த நிமிஷம் எழுந்து வெளியே போய்விடத் தோன்றும்.

ஐம்பதாம் வருஷம் துரைசானி கப்பலேறினாள். போகும்போது ஒரு காகிதப் பையில் இந்த விதையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பங்களாவை வாங்கியவர் புல்தரையில் சிமெண்டு போட்டுக் காருக்குக் கொட்டகை கட்டினார். தனக்கோடி பிஸ்கட் கோடவுன் ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். கையில் கத்தரிக்கோல் பிடித்தவன் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிழைப்பா? ஆனால் பூக்காட்சியில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும். சொந்தத் தோட்டத்தில் வளர்த்த ஒரே வகைப் பூ, பன்னிரண்டு காம்பு. அதற்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில் வளர்த்தவர் பெயர். அவருக்கு வேண்டியது அந்த அட்டைதான். கோப்பை கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

ஜோகுபாளையத்து வீட்டின் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கும் பக்கத்து வீட்டு எல்லம்மாவின் ஓலைத் தட்டிக்கும் நடுவில், பத்தடிக்கு ஆறடி மண் இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே விதைத்தார். இந்த விதைக்கு இருட்டு வேண்டும், அரை விரல் மண் மூடவேண்டும். ஓரிடத்தில் முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் செத்துப்போகும். எல்லாவற்றையும்விட, உரம் ஆகாது. கொழுத்த மண்ணில் இலைதான் தழைக்கும், பூ வராது. இதைச் சின்னத்தாயியிடம் மூன்று முறை சொன்னார்.

மூன்றாம் நாள் அவள் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தாள்.

"உனக்குக் காது எதுக்குத்தான் இருக்குது?"

"பச்ச மண்ண பட்டினி போட எனக்கு மனசு வரல. நீ வேணா போடு."

தனக்கோடி மேல்மண்ணை வழித்தெடுத்து, மிச்சமிருந்த விதையில் பாதியை மறுபடி போட்டார். ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுக் கோழி வந்து கால்வாசியைக் கிளறியது. முள்ளை வெட்டி வேலி போட்டார். கடைசியில் பத்தொன்பது செடி நின்றது. மெல்லிய இலை, அதன்மேல் வெள்ளை வெளேரென்று பூனைமயிர். நவம்பர் பாதியில் சாண் உயரம் வந்துவிட்டது. கோடவுனில் அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்து பசியோடு வந்து உட்கார்ந்தார். களியும் கீரை மசியலும் போட்டாள் சின்னத்தாயி.

"எல்லம்மா குடுத்தனுப்புச்சு. மழைக்கு மொளைச்ச கீர சொப்பாம்."

"கொஞ்சம் கசக்குது. ஆனா நல்லாத்தான் கீது" என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். பத்தொன்பது செடிக்கும் தலை இல்லை. அதிலும் ஐந்து வேரோடு போயிருந்தது.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் எல்லம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா, இங்க இருந்ததக் கிள்ளினது யாரு?"

"நான்தாண்ணா. பண்ணக்கீர, குப்பக்கீர, அதோட இதையும் ஒரு கை சேத்துக்கினேன். தானா மொளைச்சுக் கெடந்துச்சு. நல்லாருந்துச்சாண்ணா?"

"தானா மொளைச்சதுக்கு எவனாவது முள்ளு வேலி போடுவானா?"

"கோழி தின்னப்போவுதுன்னு கீரைக்குத்தான் போட்டீங்கன்னு நெனச்சேன்."

திட்டலாம் என்றால், திருடிய பொருளில் பாதி தன் வயிற்றிலேயே இருக்கிறது. தனக்கோடி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் எல்லம்மாவோடு பேசவில்லை. அவள் முறுக்கு கொடுத்தனுப்பினாள், திருப்பி அனுப்பினார். சுண்டல் கொடுத்தனுப்பினாள், அதையும் திருப்பி அனுப்பினார். சின்னத்தாயி மட்டும் அடுப்படியிலேயே சாப்பிட்டுவிட்டு வெறும் கிண்ணத்தைத் திருப்பினாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவருடைய ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நுனியைக் கிள்ளினால் இந்தச் செடி சாகாது. பக்கவாட்டில் கிளைத்துப் பூ அதிகம் கொடுக்கும். பங்களாவில் அவரே கிள்ளியிருக்கிறார். ஆனால் கிள்ளினால் பூக்க இரண்டு வாரம் தள்ளிப்போகும். விதைக்கத் தாமதமானதால்தான் இந்த வருஷம் கிள்ளாமல் விட்டிருந்தார். ஆகவே எல்லம்மா செய்த காரியம் தப்பில்லை, செய்த தேதிதான் தப்பு. இதைச் சொன்னால் அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஜனவரி கடைசி ஞாயிறு பூக்காட்சி. பத்து நாள் முன்பு பதினாலு செடியும் புதராக நின்றன. மொட்டு ஏராளம், மலர்ந்தது ஒன்றுமில்லை. தனக்கோடி ஒவ்வொரு மொட்டாகப் பார்த்துப் பல்லைக் கடித்தார். வியாழக்கிழமை இரண்டு மலர்ந்தது. சனிக்கிழமை ஒன்பது. ஞாயிறு விடிந்து போய்ப் பார்த்தால் இருபதுக்கு மேல், அத்தனையும் நல்ல நீலம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொறுக்கியெடுத்துப் பன்னிரண்டு காம்பை வெட்டிப் பக்கெட்டில் வைத்தார்.

சின்னத்தாயிக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல்.

"பக்கெட்ட நான் தூக்கினு வரேண்ணா" என்று வந்து நின்றாள் எல்லம்மா.

"வேணாம்."

அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வழி நெடுக அவளுடைய மாமியார் கதை.

பூக்காட்சி வாசலில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா அட்டை எழுதிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டார், தனக்கோடி சொன்னார். அட்டையில் இரண்டு கோடு இருந்தது. மேலே உரிமையாளர், கீழே மாலி. அவர் பெயரைக் குமாஸ்தா கீழே எழுதினார்.

"எந்த பங்களாப்பா? ஓனர் பேர் சொல்லு."

"பங்களா இல்ல சார். எங்க வூடு. ஜோகுபாளையம். ஓனரும் நான்தான்."

குமாஸ்தா அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தார். செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"ஜோகுபாளையத்துல இந்தப் பூ எங்கப்பா வரும்? அய்யாவுக்குத் தெரியாம வெட்டினு வந்தியா? ஓனர் இல்லாம அட்ட குடுக்க முடியாது. தள்ளி நில்லு."

தனக்கோடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் முப்பது வருஷம் "எஸ் மேடம்" சொல்லிப் பழகிய வாய் திறக்கவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் குனிந்தார். எல்லம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"சார், இது அவுரு தோட்டத்துப் பூதான். நான் பக்கத்து வூடு. நவம்பர்ல இந்தச் செடியக் கீரன்னு கிள்ளி மசியல் பண்ணிட்டேன். தெரியாம இவுரே ரெண்டு கரண்டி தின்னாரு. தெரிஞ்சப்பறம் ஒரு மாசம் என்னாண்ட பேசல. நீங்களே சொல்லுங்க, பங்களாவுல பூந்து கீர கிள்ள என்ன வுடுவாங்களா? எந்த பங்களாக்காரராவது எங்கூட்டு மசியலத் தின்பாரா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். மேல் கோட்டில் தனக்கோடி, ஜோகுபாளையம் என்று எழுதினார்.

"மாலிங்கற எடத்துல கோடு போட்டுடவா?"

"வேணாம் சார்" என்றார் தனக்கோடி. இப்போது வாய் வந்துவிட்டது. "அதுலயும் என் பேரையே எழுதுங்க."

பூவை வைத்து, அட்டையைச் சாய்த்து நிறுத்தி, இரண்டு கோட்டையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். தனக்கோடி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். காலி பக்கெட்டை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தாள் எல்லம்மா.

"இன்னும் கோவமாண்ணா?"

"கோவம் இல்லாம? நவம்பர் பாதியில எவளாவது கிள்ளுவாளா?" என்று எரிந்து விழுந்தார் தனக்கோடி. "அடுத்த வருஷம் செப்டம்பர்லயே வெதைக்கப் போறேன். அக்டோபர் கடைசியில நான் சொல்ற அன்னிக்கு வந்து கிள்ளு. நுனிய மட்டும்."