துப்பும் கோப்பை

"அடி, நல்லா ஓங்கி அடி. சாக்லேட்டுதான், எங்க அம்மா இல்ல," என்றார் அத்தான்.

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தங்கைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அத்தான் வாயைத் திறந்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அக்கா மரச்சுத்தியை இரண்டு கைகளாலும் பிடித்துத் துணியில் சுற்றியிருந்த சாக்லேட் கட்டியின் மேல் பொத்தென்று போட்டாள். செங்கல் கனம் இருந்த அந்தக் கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மணிக்கட்டால தட்டாதீங்கம்மா," என்றார் வகுப்பு நடத்துகிற அம்மாள். குள்ளமான, அகன்ற தோள்கள் கொண்ட பெண்மணி. முழங்கை வரை சாக்லேட் அப்பியிருந்தது. "தோள்ல இருந்து வரணும். சுத்தியை மேல தூக்குறதுதான் உங்க வேலை. இறங்குறதை அதோட கனமே பாத்துக்கும்."

"அதெல்லாம் அவளுக்கு வராதுங்க. கையில வலுவே கிடையாது." அத்தான் சுத்தியை வாங்கி ஒரே ஒரு போடு போட்டார். துணிக்குள் கட்டி நொறுங்குகிற சத்தம் கேட்டது. தேனிலவுக்கு வந்திருந்த ஒரு இளம் ஜோடி கைதட்டியது. அக்கா மட்டும், அடி விழுந்த மாத்திரத்தில், தோளைக் குறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்துக்குப் பயந்தவள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

விடுமுறைக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு வகுப்புக்குப் போவதாகத் திட்டமே இல்லை. காலையில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அத்தான் அறிவித்தார். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய கல் கட்டடம், அங்கே நம் கையாலேயே சாக்லேட் செய்யலாம், அப்புறம் ஒயின் ருசி பார்க்கலாம், மூன்று பேருக்கும் இடம் பிடித்தாகிவிட்டது என்றார். அக்கா தலைவலிக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள் என்றாள். தங்கைக்கு எரிச்சலாக வந்தது. மனுஷன் இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார், இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கெல்லாம் எங்க வீட்டுக்காரரைக் கட்டி வச்சிருக்கணும்," என்றாள் தங்கை. "பொறந்தநாள்கூட ஞாபகம் இருக்காது அந்த ஆளுக்கு. லீவு கிடைக்கலைன்னு என்னைத் தனியா அனுப்பிட்டு நிம்மதியா இருக்காரு."

தங்கையை இந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டதும் அத்தான்தான். அவருடைய சுபாவமே அப்படி. திடீரென்று ஒரு பட்டுப்புடவையோடு வந்து நிற்பார், திடீரென்று ஒரு ஜோடிக் கம்மல். தங்கை அதையெல்லாம் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். அக்கா அவற்றைப் போட்டுக்கொள்ளும்போதுகூட முகத்தில் ஈயாடாது. உம்மணாமூஞ்சி என்று தங்கை அவளுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டாள்.

கொதிக்கும் நீருக்கு மேல் வைத்த கிண்ணத்தில் சாக்லேட் உருகியது. அம்மாள் அதைச் சலவைக்கல் மேஜை மேல் ஊற்றி, அகலமான தகட்டால் பரப்பினார், வாரினார், மறுபடி பரப்பினார். இப்படி ஆறவிட்டு எடுத்தால்தான் பளபளப்பு வருமாம், கடித்தால் சடக்கென்று உடையுமாம். ஆளுக்கொரு தகடும் கல்லில் ஆளுக்கொரு பாகமும் கொடுத்தார்கள். அத்தான் எல்லாருடைய கல்லையும் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு கிண்டல் அடித்தார். தேனிலவுப் பையனிடம், "வாழ்க்கை பூரா வழிச்சுப் போடப் போற, இப்பவே பழகிக்கோ," என்றார்.

"சூடு சரியா இருக்கான்னு பாக்கக் கருவி எதுவும் வேணாம்," என்றார் அம்மாள். "கீழ் உதட்டுல ஒரு பொட்டு வச்சுப் பாருங்க. சுடவும் கூடாது, ஜில்லுனும் இருக்கக் கூடாது. வச்சதே தெரியக் கூடாது. அதுதான் பதம்."

தங்கை வைத்துப் பார்த்தாள். வைத்ததே தெரியவில்லை. அக்காவின் சாக்லேட்டும் அதே பதம்தான், ஒரே கிண்ணத்திலிருந்து ஊற்றியது. ஆனால் உதட்டில் பட்டதும் அக்கா நெருப்பைத் தொட்டவள் மாதிரி விருட்டென்று பின்வாங்கினாள்.

"சுடுதா?" என்றாள் தங்கை.

"இல்ல. லேசா."

அந்தக் குழப்பத்தில் தங்கையின் கையிலிருந்த தகடு நழுவிக் கீழே விழுந்தது. எடுப்பதற்குக் குனிந்தாள். மேஜைக்கு அடியில், செருப்பு போட்ட அக்காவின் கால் விரல்கள் மேல் அத்தானின் ஷூ இருந்தது. தெரியாமல் பட்ட மாதிரி இல்லை. குதிகாலைத் தூக்கி, மொத்தக் கனத்தையும் முன்னங்காலில் கொடுத்து, சிகரெட்டை நசுக்குவதுபோல இப்படியும் அப்படியுமாகத் திருகிக்கொண்டிருந்தது. அக்காவின் கால் அசையாமல் அப்படியே இருந்தது. மேலே அத்தானின் குரல் கேட்டது. "எங்க வீட்டம்மாவுக்கு உதடு ரொம்ப மென்மைங்க. ரோஜாப்பூ." மேலே எல்லாரும் சிரித்தார்கள்.

தங்கை நிமிர்ந்தாள். அத்தான் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். தான் பார்த்தது வேறு ஏதோ என்று நினைக்கப் பார்த்தாள். பத்து வருஷம் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடிய ஆளை ஒரு நிமிஷத்தில் கீழே போட்டுவிட முடியாதல்லவா.

சாக்லேட்டை அச்சுகளில் ஊற்றி ஆற வைத்துவிட்டு, அதே மேஜையின் மறுகோடியில் ஒயினுக்கு உட்கார்ந்தார்கள். இது அம்மாளின் கணவருடைய பாகம். ஒல்லியான, நிதானமான மனிதர். ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையும் கூடவே ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையும் வைத்தார்.

"பீங்கான் கோப்பை துப்புறதுக்கு. வாயில வச்சு நல்லாச் சுழட்டுங்க, பல் இடுக்கெல்லாம் படட்டும், அப்புறம் துப்பிடுங்க. முழுங்கினா நாலாவதுக்கு மேல எதுவும் விளங்காது. முதல்ல வெள்ளை, கடைசியாத்தான் சிவப்பு."

"வாய் வரைக்கும் வந்ததைத் துப்புறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்று அத்தான் மடக்கென்று குடித்தார்.

தேனிலவுப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே துப்பினாள். தங்கை துப்பினாள். அக்கா ஒயினை வாயில் வைத்த நொடியில் அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. புளித்த திராட்சை, புண்ணில் பட்டால் எப்படி இருக்கும். சுழட்டாமல் குனிந்து துப்பிவிட்டுக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டாள்.

இரண்டாவது வெள்ளை வந்தது. மூன்றாவது. அத்தான் ஒன்றையும் துப்பவில்லை. ஒயின்காரர் திரும்பிய நேரம் பார்த்துப் பாட்டிலைத் தானே சரித்துக்கொண்டார். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது.

துப்பின கோப்பைகளைக் காலி செய்ய ஒயின்காரர் ஒவ்வொருவரிடமாக வந்தார். தங்கையுடையதை வாளியில் கவிழ்த்தார், தெளிவாகத் தண்ணீர் மாதிரி விழுந்தது. அக்காவின் கையை மெல்ல விலக்கி அவள் கோப்பையை எடுத்தவர் நின்றுவிட்டார்.

"சிவப்பு இன்னும் நான் ஊத்தவே இல்லையேம்மா," என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைப் பீங்கானில் இளஞ்சிவப்பாக நுரைத்துக்கொண்டு நின்றது.

"ஈறு கொஞ்சம் சரியில்லைங்க அவளுக்கு," என்றார் அத்தான், சட்டென்று.

"ஆமாங்க, ஈறு," என்றாள் அக்கா.

தங்கை எழுந்தாள். நேற்று ராத்திரி பக்கத்து அறையில் ஏதோ தடாலென்று விழுந்ததே, காலையில் கேட்டதற்குப் பெட்டி விழுந்துவிட்டது என்று அத்தான் சொன்னாரே. போன வருஷம் கம்மல் வந்ததற்கு முந்தின நாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். பட்டுப்புடவை வந்தபோது மாடிப்படியில் விழுந்திருந்தாள். ஒரு மனுஷி இத்தனை தடவை விழுவாளா என்று இத்தனை நாளாக ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? தங்கைக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, வாயைத் திற."

"ஒண்ணுமில்லடி, உக்காரு."

"திறன்னு சொல்றேன்ல."

அக்கா திறந்தாள். கீழ் உதட்டின் உட்புறமும் கன்னத்தின் உட்புறமும் பல் வெட்டிக் கிழிந்திருந்தன. கடைவாய்ப் பல் ஒன்று பாதியோடு நின்றது. வெளியே கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்று கணக்குப் போட்டு அடித்த அடி. அப்படி அடித்துவிட்டு, சமாதானத்துக்கு மறுநாள் கூட்டி வந்த இடம் இது. எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து துப்ப வைக்கிற இடம் என்று அந்த மகாராசனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சின்னவளே, உக்காரு," என்றார் அத்தான். சிரித்துக்கொண்டேதான். "வீட்டு விஷயத்தை வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுல? அக்கா வழுக்கி வழுக்கி விழுற வீட்டுலயா?"

"இப்ப என்ன, கிளம்பலாமா? ஏய், எந்திரி." அக்காவின் மேற்கையைப் பிடித்துத் தூக்கினார். விரல்கள் சதைக்குள் புதைந்தன. அக்கா பழக்கப்பட்டவள் மாதிரி எழுந்து, பையை எடுத்துக்கொண்டாள். இப்போது அவள் அந்த ஆளோடு வாசலைத் தாண்டினால் இந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அவள் போய் வழியில் நின்றுகொண்டாள்.

"அக்கா வர மாட்டா. நீ போ."

"யாரைப் பாத்து 'நீ'ங்கற?"

"உன்னைத்தான்."

வழக்கமாக அவர் யார் முன்னாலும் கையை ஓங்குகிறவர் இல்லை. ஆனால் துப்ப வேண்டியதையெல்லாம் முழுங்கியிருந்தார். கை தானாக வந்தது. திறந்த உள்ளங்கையோடு தங்கையின் கன்னத்தில் விழுந்த அந்த அறையில் அவள் பக்கவாட்டில் சாய்ந்து, நாற்காலியோடு தரையில் போய் விழுந்தாள். காதுக்குள் ஒரே இரைச்சல். தேனிலவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒயின்காரர் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

இனி அந்த ஆளை அவர் இவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் குடிவெறியில் தள்ளாடி, விழாமல் இருப்பதற்காக வலது கையைச் சலவைக்கல் மேல் ஊன்றினான். வாராமல் விட்ட சாக்லேட்டுக்குள் ஐந்து விரல்களும் அழுந்தின. அடித்த அதே கை.

அக்கா பையைக் கீழே வைத்தாள். மரச்சுத்தி மேஜைக் கோடியில் துணி மேலேயே கிடந்தது. இந்த முறை அவள் மணிக்கட்டால் தட்டவில்லை. தோளிலிருந்து தூக்கினாள். இறங்குவதை அதன் கனம் பார்த்துக்கொண்டது.

கட்டி உடைந்தபோது கேட்டதைப் போலத்தான் கேட்டது, கொஞ்சம் ஈரமாக. அவன் அலறவில்லை, முதலில். தன் கையையே வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்தான். அவன் கையை இழுப்பதற்குள் அவள் மறுபடி தூக்கிவிட்டாள். இரண்டாவது அடிக்குப் பிறகுதான் அலறினான். கல்லின் மேல் சாக்லேட்டும் ரத்தமும் ஒன்றாகக் குழம்பின. அவன் முழங்கால் மடங்கித் தரையில் சரிந்தான், கையை மடியில் போட்டுக்கொண்டு, அக்காவை அவளுடைய அம்மாவரைக்கும் இழுத்து வைதான். ஒயின்காரரும் தேனிலவுப் பையனும் அவன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா மூன்றாவது முறையும் சுத்தியைத் தூக்கியிருந்தாள். தங்கை தரையிலிருந்தே அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "போதும்க்கா."

"அவ மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்," என்றாள் அக்கா. அவனிடம் சொன்னாளா, தங்கையிடம் சொன்னாளா, தெரியவில்லை. "வெளிய சொன்னா உன் தங்கச்சிக்கும் இதுதான்னு சொல்லுவான். என்னோட போகட்டும்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்." சுத்தியை மேஜை மேல் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து தங்கையின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் பதிந்திருந்தன. தங்கை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். உம்மணாமூஞ்சி என்று கூப்பிட்டதற்கெல்லாம் சேர்த்து அழுதாள்.

அம்மாள் சுவரோரம் போய் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கீழே கிடந்தவனையும், தரையில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தினார்.

"ஆமாங்க, சாக்லேட் வகுப்புதான். ஒருத்தருக்குக் கையில அடி. இல்ல, இல்ல, சண்டை எதுவும் இல்லைங்க. பெரிய சாக்லேட் கட்டி ஒண்ணு கை மேல விழுந்துடுச்சு."

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"விழலைங்க," என்றாள்.

அம்மாள் போனைக் கையால் மூடிக்கொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். போலீஸும் வரும், பார்த்துக்கொள் என்று அந்தப் பார்வை சொன்னது. அக்கா எழுந்துபோய்க் கையை நீட்டினாள். அம்மாள் தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தார்.

பேசுவதற்கு முன்னால் அக்கா மேஜையிலிருந்து தன்னுடைய வெள்ளைக் கோப்பையை எடுத்து, வாயில் சேர்ந்திருந்ததைத் துப்பினாள். ஒயின் கலக்காத ரத்தம். கூடவே பல்லின் உடைந்த துண்டு ஒன்று பீங்கானில் கிணுங்கென்று விழுந்தது. கோப்பையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜைக்கு நடுவில் வைத்தாள்.

"எதுவும் விழலைங்க," என்றாள் போனில். "அவரை நான்தான் அடிச்சேன். இதுவரைக்கும் எதுவுமே விழுந்ததில்ல."