எங்கும் தொடாத அறை

டமாரம் என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய நாத்தனார்தான். அன்பாக வைக்கவில்லை, வசவாகத்தான் வைத்தாள். "அந்த டமாரம் வேலைக்குக் கிளம்பியாச்சா?" என்று மாடியிலிருந்து தம்பியிடம் கேட்பாள். கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் வீடு முழுக்க ஒட்டிக்கொண்டது. பெயருக்குரியவள் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ தன் பெரிய டிரம்மின் முகத்தில் அதே பெயரைச் சிவப்புச் சாயத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அது வசவாக இல்லாமல் போய்விட்டது. நாத்தனாருக்கு அந்த எரிச்சல் வேறு.

டமாரம் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடியும்போது வண்டியை எடுத்தால் மதியத்துக்குள் டிப்போவில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். அதுவரை ஊர்ச் சத்தம் முழுவதும் அவள் காதில்தான். ஹாரன், விசில், சில்லறைச் சண்டை, வாசல் படியில் நின்றுகொண்டு போனில் குடும்பக் கதை பேசுகிறவர்கள். இத்தனைக்கும் பதில் சொல்லாமல், வாயைத் திறக்காமல், ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் தன்னுடைய சத்தத்தைத் தானே கேட்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டால் அது என்ன தேசத் துரோகமா?

ஆசை வந்த கதையும் வேடிக்கைதான். டிப்போ ஆண்டு விழாவில் பாட்டுக் குழுவின் டிரம்ஸ்காரர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சும்மா உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்று கனைத்தும் அவள் எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு மகளைக் கட்டிக்கொடுத்து முடித்திருந்த வயது. இனி என்னத்தைக் கற்றுக்கொள்வது என்று மற்றவர்கள் வாலைச் சுருட்டிக்கொள்ளும் வயதில், அவள் பழைய டிரம்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினாள். கீபோர்டுக்குப் பேக்கரிக்காரி ஒருத்தி கிடைத்தாள், கிதாருக்குத் தையல்காரி ஒருத்தி கிடைத்தாள். மூன்று பேரும் ஒன்றாக ஓய்ந்திருப்பது மதிய வேளையில் மட்டும்தான்.

அங்கேதான் வந்தது வினை. நாத்தனார் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குகிறவள். வீடு அக்கா தம்பி இருவருக்கும் பொது. மாடியில் அக்கா, கீழே தம்பி குடும்பம், அதற்கும் கீழே பழைய சாமான் போட்டு வைத்திருந்த நிலவறை. நிலவறையில் பெரிய டிரம்மை ஒரு மிதி மிதித்தால் மாடியில் கட்டில் கால் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ராத்திரி முழுக்க நோயாளிகளுக்காக ஓடியவள் பகலில் தூங்க வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. டமாரமே அதை மறுக்க மாட்டாள்.

அதனால்தான் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

"என் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வெப்பேன்," என்றாள் நாத்தனார். "நீ கீழ என்ன ஆட்டம் வேணா போடு. தண்ணி அசையக் கூடாது, என் காதுல விழக் கூடாது. விழுந்துச்சு, அன்னிக்கே அந்தச் சட்டி பானையெல்லாம் வீட்டை விட்டு வெளிய போயிடணும்."

"விழலன்னா அண்ணி?"

"விழலன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கணவன் இருவருக்கும் நடுவில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். உயரத்தைக் கண்டு பயப்படாதவன், அக்காவைக் கண்டு பயப்படுவான்.

முதலில் முட்டை அட்டை ஒட்டினார்கள். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள், பேக்கரியிலோ அது மலையாகக் குவிந்து கிடந்தது. நாலு சுவரும் மேல்கூரையும் ஒட்டி முடித்தபோது நிலவறை கோழிப் பண்ணை மாதிரி இருந்தது. அடித்துப் பார்த்தால் உள்ளே எதிரொலி போய்விட்டது, சத்தம் சுத்தமாக, அருமையாகக் கேட்டது. மாடியிலும் அதேபோல் சுத்தமாக, அருமையாகக் கேட்டது. "இப்பதான் ஒவ்வொரு அடியும் தெளிவா விழுது," என்று நாத்தனார் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். தையல்காரி சிரித்தாள், டமாரம் சிரிக்கவில்லை.

விடை அவளுக்குப் பேருந்தில்தான் கிடைத்தது. ஒருநாள் டிப்போவில் வேறொரு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டார்ட் செய்ததும் கண்ணாடி, சீட், கம்பி, பயணிகளின் பல் எல்லாம் சேர்ந்து நடுங்கின. இஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்து, இரும்பு நேராக இரும்பில் உட்கார்ந்திருந்தது. சத்தம் காற்று வழியாக மட்டும் போவதில்லை, தொட்டுத் தொட்டுப் போகிறது என்று அன்றைக்கு ஓட்டி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. எதையும் ஒட்டி அடைத்துப் புண்ணியமில்லை, தொடாமல் நிறுத்த வேண்டும்.

அறைக்குள் ஓர் அறை என்று முடிவானது. முட்டை அட்டையைப் பிய்த்தெறிந்தார்கள். தரையில் கனமான ரப்பர் துண்டுகளைப் பரப்பி, அதன் மேல் பலகைத் தளம் போட்டார்கள். அந்தத் தளத்தின் மேல் மரச் சட்டம் எழுப்பி, வீட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதுச் சுவர்கள். ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, நடுவில் காயாத பசை. இடைவெளியில் சத்தத்தை உறிஞ்சும் கல் பஞ்சு. புதுக் கூரையும் புதுச் சுவர்களின் மேல்தான் உட்கார்ந்தது, மேலே இருக்கும் வீட்டை அது தொடவில்லை. கதவு ஒன்றுக்கு இரண்டு, ஓரமெல்லாம் ரப்பர். மூச்சு விட வேண்டுமே என்று வளைந்து வளைந்து போகும் ஒரு காற்றுப் பெட்டி. டமாரத்தின் விரலில் சிராய் ஏறாத இடமில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது அது ஒவ்வொன்றும் தன்னை ஞாபகப்படுத்தியது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

சட்டம் கட்டியது முழுக்கக் கணவன்தான். கை வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டி முடித்த சுவரில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தபோது அவன் முகம் சுருங்கியது.

"ஆடுதே."

"ஆடட்டும்ங்க. ரப்பர் மேல நிக்குது, கொஞ்சம் அசையத்தான் செய்யும்."

"வீட்டுச் சுவரோட ஒரு கட்டு போட்டா கம்முனு நிக்கும்."

"போடக் கூடாது! அந்தச் சுவருக்கும் இதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. எத்தனை தடவை சொல்றது?"

"சரி, சரி," என்றான்.

நாத்தனாருக்கு டியூட்டி இல்லாத ஒரு விடுமுறை நாளில் சோதனை வைத்தார்கள். அவள் மாடியில் டம்ளரை வைத்துவிட்டுப் படுத்தாள். கீழே இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு மூன்று பெண்களும் முழுப் பாட்டையும் வாசித்தார்கள். முடிந்து கதவைத் திறந்தால், நாத்தனார் கையில் டம்ளரோடு வாசலிலேயே நிற்கிறாள்.

"பாட்டெல்லாம் கேக்கல, அந்தப் பொம்பளை கீபோர்டும் கேக்கல," என்றாள். "ஆனா தொம் தொம்முனு ஒண்ணு ஏறி வருது. தண்ணி வளையம் வளையமாப் போடுது. எடுத்துக் கட்டு உன் சட்டி பானையை."

டமாரம் திரும்பித் தன் டிரம்ஸைப் பார்த்தாள். இது போனால் இனி எங்கே? பேக்கரிக்குப் பின்னால் இருந்த கிடங்கைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், தையல்காரியின் கடையில் மூன்று பேர் சேர்ந்து நிற்கக்கூட இடமில்லை. டிரம்ஸ் இந்த வீட்டை விட்டுப் போனால் மூவரின் மதியமும் சேர்ந்து போய்விடும். பேக்கரிக்காரி கீபோர்டின் வயரைப் பிடுங்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"வயரை விடு," என்றாள் டமாரம். "அண்ணி, மத்ததெல்லாம் நின்னு இது மட்டும் வருதுன்னா, எங்கயோ ஒரு இடம் தொடுது. உங்க டாக்டர் குழாயை எடுத்துட்டு வாங்க."

"அது மனுஷங்களுக்கு வெக்கிறது. உன் செவுத்துக்கா?"

"எனக்கு வெச்சா என்ன கேக்கும்னு தெரியல, பயமா இருக்கு. செவுத்துக்கு வெச்சுக் காட்டுங்க. தோத்தா தோத்ததுதான், எங்க தோத்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நாத்தனாருக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவளால் அரைகுறையாக எதையும் செய்ய முடியாது. ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். தையல்காரி பெரிய டிரம்மின் மிதியை விடாமல் மிதிக்க, நாத்தனார் புது அறைக்கு வெளியே, வீட்டுச் சுவரில் எட்டிய இடத்திலெல்லாம் குழாயை வைத்து வைத்து நகர்ந்தாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நோயாளியின் முதுகில் வைப்பது போலவே வைத்தாள். படிக்கட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கம் ஒன்றுமில்லை. காற்றுப் பெட்டி ஏறும் மூலையில் ஸ்டூலில் ஏறி, கூரை உத்தரத்தில் வைத்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இங்கதான். நல்ல திடமா அடிக்குது."

டமாரம் காற்றுப் பெட்டியை நகர்த்தி, இடுக்கில் டார்ச் அடித்தாள். கல் பஞ்சை விலக்கினால் உள்ளே ஒரு சாரக் குழாய்த் துண்டு. ஒரு முனை புதுச் சுவரின் சட்டத்தில், மறு முனை வீட்டு உத்தரத்தில். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, அசங்காமல் முறுக்கப்பட்டிருந்தது.

எல்லோரும் திரும்பிக் கணவனைப் பார்த்தார்கள். அவன் திருதிருவென்று விழித்தான்.

"ஒரே ஒரு கட்டுதான் போட்டேன்," என்றான்.

"ஏங்க, தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"நீ சொன்னே. எனக்கும் புரிஞ்சுது. ஆனா என் வேலையில கட்டாம விட்ட சாரம் ஆளைக் கொன்னுடும். ஆடுற செவுத்துக்குள்ள உன்ன விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது? மேல ஏறி நின்னாலும் நெனப்பு இங்கயே இருக்கும்."

கத்த வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். இந்த மனிதன் மேல் இருந்த கோபம் அத்தனையும் அப்படியே இருந்தது, அதோடு அதே அளவுக்குப் பாசமும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்பானரைக் கேட்டாள்.

"நானே கழட்டறேன்," என்றான்.

"வேணாம். உங்க கை கழட்டாது."

ஸ்டூலில் ஏறி அவளே கழற்றினாள். அவன் இரண்டு கையையும் விரித்துப் புதுச் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாய் கையோடு வந்தது. சுவர் லேசாக அசைந்தது, பிறகு தானாக நின்றது. அவன் முதலில் ஒரு கையை எடுத்தான், வெகுநேரம் கழித்து இன்னொரு கையையும் எடுத்தான்.

"பந்தயம் முடிஞ்சு போச்சு," என்றாள் நாத்தனார். "நீ தோத்தாச்சு."

"தோத்தது என் அறை இல்ல அண்ணி, உங்க தம்பியோட பயம். அதை இப்ப கழட்டிட்டேன். போய்ப் படுங்க. துணைக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க."

நாத்தனார் தம்பியை இழுத்துக்கொண்டு படியேறினாள். கதவுகள் சாத்தப்பட்டன. இந்த முறை டமாரம் முதல் அடியிலிருந்தே ஈவிரக்கம் பார்க்கவில்லை. சிம்பல் தட்டு அலறியது, மிதி கழன்றுவிடும் போலிருந்தது. பாட்டை முடித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். கதவைத் திறந்ததும் கணவன் மூச்சிரைக்க இறங்கி வந்தான்.

"ஒண்ணுமே இல்ல! ஆரம்பிச்சீங்களா இல்லையான்னே தெரியல. தண்ணி அப்படியே கெடக்கு!"

பேக்கரிக்காரி தையல்காரியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவன் பின்னாலேயே நாத்தனாரும் வந்து கடைசிப் படியில் நின்றாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் அதே டம்ளர்.

"கேக்கல," என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள். "ஆனா எனக்குத் தெரியுதே."

"என்ன தெரியுது?"

"நீ கீழ உக்காந்து அடிச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரியுது. காலை அகட்டிக்கிட்டு, முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு. கேக்காட்டியும் கண்ணு முன்னாடியே நிக்குது. ஒரு குடும்பப் பொம்பளை பண்ற வேலையா இது? எனக்குத் தூக்கம் வராது. எடுத்துடு."

டமாரம் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர்களைப் பார்த்தாள். ரப்பர், பலகை, பசை, பஞ்சு, விரலில் ஏறிய சிராய் எல்லாம் ஒரு சத்தத்தை நிறுத்துவதற்காக. கடைசியில் பார்த்தால் சத்தம் ஒரு சாக்கு. அவளுக்குக் கண் கலங்கியது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

"அண்ணி, வாய் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க. சரி, போகட்டும். உங்க தூக்கத்துக்காகத்தான் இந்த அறையைக் கட்டினேன். நாளைக்கும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அடிப்பேன், என்னிக்கும் அப்படித்தான். நீங்க டியூட்டி பாத்துட்டு வந்து தூங்கணும், அது நியாயம். ஆனா உங்க மனசுக்குள்ள கேக்குற சத்தத்தை அடைக்க என்கிட்ட பலகை இல்ல. அதுக்கு நான் பொறுப்பும் இல்ல."

"என்னடி பேச்சு இது..."

"இன்னிக்கு உங்களுக்கு டியூட்டி இல்ல. கேக்காமயே இவ்வளவு திட்டுறீங்களே, ஒரு தடவை கேட்டுட்டுத் திட்டுங்க."

எழுந்து போய் இரண்டு கதவையும் சுவரோடு சேரத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலை இன்னும் கொஞ்சம் அகட்டியே உட்கார்ந்தாள். தையல்காரி டமாரத்தின் கணவனைப் பார்த்தாள், அவன் கூரையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துத் தலையாட்டினான்.

அடி விழுந்தது. நிலவறைப் படிகளில் ஏறி, சமையலறைப் பாத்திரங்களை உலுக்கி, மாடிக்குப் போய், ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கியது. நாத்தனாரின் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் குதித்தது. அவள் திட்ட ஆரம்பித்தாள். உதடு அசைவதும் கை ஆடுவதும் தெரிந்தது, ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. தான் திட்டுவது தனக்கே கேட்கவில்லை என்று தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை, படியை விட்டு நகரவும் இல்லை. பாட்டு முடியும் மட்டும் அவளும் திட்டினாள். முடிந்தபோது அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. கையிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்துவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

டமாரம் அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.