விடைபெற இருபது வினாடி

விமான நிலையத்தைத் தனியார் நிறுவனம் எடுத்ததும், வாசலில் கார் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாதென்று சட்டம் போட்ட மகானுபாவர் இந்த மேலாளர்தான். ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று அளந்தார். பெட்டி இறக்க இரண்டரை நிமிடம். விடைபெற இருபது வினாடி தாராளம் என்று அடித்துச் சொன்னார்.

இன்று, ஆறு வருடமாக அவரோடு முகம் கொடுத்துப் பேசாத அக்கா, மகளோடு இருக்க ஒரேயடியாக வெளிநாடு கிளம்பினாள். அவர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கியதும் அவர் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அன்னைக்கு நான்..."

காவலாளி விசில் ஊதினார். "சார், நீங்களே இப்படி நிக்கலாமா?"

"சரிடா, கிளம்பு," என்று கையை விட்டுவிட்டு அக்கா உள்ளே போனாள்.

அளந்த நாளில் ஜனங்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்றுதான் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று காது கொடுக்கவேயில்லை.