உப்பளத்து டீ வண்டி

உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்ததில் கொளஞ்சியம்மாளுக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. அது எழுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம். நாற்பது நாள் கட்டுப் போட்டதில் எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் தலைக்கு மேலே எழும்ப மாட்டேன் என்றது. தலைச்சுமை தூக்க முடியாதவளுக்கு மரக்காணத்து உப்பளத்தில் என்ன வேலை இருக்கிறது? பதினாலு வருஷம் அளத்தில் உழைத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் புருஷன் மாயவனிடம் சொன்னாள்.

"டீ வண்டி ஒண்ணு போடலாம்னு இருக்கேன்யா."

மாயவன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். "ரோட்டுலதான் ரெண்டு டீக்கடை இருக்குதே?" என்றான்.

"அதெல்லாம் ஆம்பளைங்களுக்கு. அளத்துல நாப்பது பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி எறங்கிப் பதினோரு மணி வரைக்கும் உப்பு வாருறாங்க. அவங்களுக்கு யாரு டீ தர்றா?"

அடுத்த வாரமே மாயவன், சைக்கிள் கடை காசிலிங்கத்தின் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். காசிலிங்கம் அதற்குப் பழைய சைக்கிள் சக்கரம் இரண்டு மாட்டிக் கொடுத்திருந்தார். கொளஞ்சியம்மாள் அதில் கரி அடுப்பு, கெட்டில், ஒரு டஜன் கிளாஸ், பன் டப்பா எல்லாம் அடுக்கினாள். ஒரு குடம் நல்ல தண்ணீரும் வைத்தாள். உப்புநீர் பட்டு வெடித்த கையைக் கழுவ நல்ல தண்ணீர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் இடது கையாலும் இடுப்பாலும் தள்ளிக்கொண்டு போனாள். வரப்பில் பத்தடி கூடப் போகவில்லை, ஒல்லிச் சக்கரம் ஈர மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. மேஸ்திரி பக்தவச்சலம் ஓடி வந்தார்.

"ஏம்மா, வரப்பு ஒடைஞ்சா பாத்தியில தண்ணி பூந்துடும். ஒரு மாச உப்பு கரைஞ்சு போயிடும். வண்டிய வெளிய எடு!"

அவர் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, கெட்டிலை மட்டும் இடது கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதையும் மேஸ்திரி தடுத்தார்.

"ஆளாளுக்கு நின்னு டீ குடிச்சிட்டிருந்தா வேலை எப்பம்மா நடக்கும்? உள்ள வராத."

விற்காத பன்னை வீட்டுக்குத் திருப்பி எடுத்துவந்தாள். டீ ஆறிப் போய் ஏடு கட்டியிருந்தது. பதினாலு வருஷம் மிதித்த வரப்பில் தன்னை அயலாளைப் போல நிறுத்திவிட்டார்களே என்று மாயவனிடம் புலம்பினாள். "விட்டுடு" என்றான் மாயவன். "இன்னும் ஒரு நாள்" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் பத்துப் பேருக்குத்தான் பால் வாங்கினாள். ரோட்டோரமே நின்று அடுப்பை மூட்டினாள். டீ கொதித்ததும் கரண்டியை எடுத்துக் கெட்டிலில் தட்டினாள். டங் டங்கென்று சத்தம் வெட்டவெளியில் தூரம் வரைக்கும் போனது. பாத்திகளில் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. முதலில் ஞானாம்பாள் கூடையை இறக்கி வைத்தாள். இத்தனை வருஷமும் கொளஞ்சியம்மாள் தலைக்குக் கூடை ஏற்றிவிட்டவள் அவள். அவள் வரப்பேறி நடக்க, பின்னால் ராசம்மாள் நடந்தாள், ஆண்டாள் நடந்தாள். பிறகு அளமே எழுந்து வந்தது.

மேஸ்திரி குறுக்கே வந்தார். "எங்க கெளம்பிட்டீங்க எல்லாரும்?"

"டீ உள்ள வரக் கூடாதுன்னீங்க" என்றாள் ஞானாம்பாள். "அதான் நாங்க வெளிய வந்துட்டோம்."

நாற்பது பேர். கொளஞ்சியம்மாளிடம் இருந்ததோ பத்துப் பேருக்கான பால். கெட்டிலில் தண்ணீரும் தூளும் கூடப் போட்டு, ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றினாள். பன்னைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, சூடான கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்தபடி அவர்கள் நின்றார்கள்.

"இன்னாடி, வெந்நியா இது?" என்று ராசம்மாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்குப் பால் கூட வாங்கியாறேன்க்கா."

குடித்துவிட்டு அவர்களாகவே திரும்பிப் போனார்கள். பதினோரு மணிக்கு உப்பு என்றைக்கும்போலக் குவிந்திருந்தது. மேஸ்திரி குவியல்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்; குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலையில் அவரே ரோட்டுக்கு வந்தார். "பத்து நிமிஷம்தான். எல்லாரும் ஒண்ணாப் போவணும், ஒண்ணா வரணும். தெரிஞ்சுதா?"

"சரிங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

வைகாசிக்குள் வண்டியில் மசால் வடையும் சேர்ந்துவிட்டது. லாரி வராத நாட்களில் மாயவன் வடை தட்டினான். ஒரு நாள் வாய்க்காலுக்கு அந்தப்புறத்து அளத்திலிருந்து ஒருத்தி முந்தானையை வீசிக் கூப்பிட்டாள்.

"எக்கா, எங்க பக்கமெல்லாம் வர மாட்டியா?"

கொளஞ்சியம்மாள் அடுப்பில் இன்னும் இரண்டு கரித் துண்டுகளைப் போட்டாள். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வண்டியை வாய்க்கால் பாலத்துப் பக்கம் திருப்பினாள்.