பதினெட்டு சதவீதம்

...ஆப்பில் பச்சைப் புள்ளி, வந்து பார்த்தால் கறுத்த திரை, பிறகு அந்தப் பச்சைக்கு என்னதான் அர்த்தம், எலிசபெத் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள், கே.ஆர்.புரத்திலும் இதே கதை, இப்போது ஹொசகோட்டே ஹோட்டல் வாசலில் இது இரண்டாவது, மின்சாரக் காரில் சார்ஜ் பதினெட்டு சதவீதம், தங்கவயலுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர், பதினொரு மணிக்குத் தங்கை கேத்தரினின் குழந்தைக்கு ஞானஸ்நானம், குழந்தையைக் கையில் ஏந்த வேண்டிய ஞானத்தாய் இவள், மணி ஒன்பதே முக்கால்... நேற்றே வீட்டில் சார்ஜ் போட்டிருக்கலாம், எங்கே போடுவது, ஜீவனஹள்ளி வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து ஒயர் இறக்கக் கூடாது என்கிறாள், தங்கவயல் போகிற மாரிகுப்பம் ரயிலில் போயிடு என்று யேசுதாஸ் சொன்னார், கேட்டாளா, புருஷன் சொல்லி எதைத்தான் கேட்டாள்... உதவி எண்ணில் ஒரு பெண் ஹிந்தியில் ஆரம்பித்தாள், இவள் கன்னடத்தில் கத்தினாள், அவள் இங்கிலீஷுக்கு மாறி, எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது மேடம் என்றாள், காட்டுகிறதாம், காட்டுவதை வைத்து கார் ஓடுமா? பக்கத்துச் சார்ஜர் வேலை செய்கிறது, அதன் முன்னால் ஒரு பெட்ரோல் கார் நிற்கிறது, ஹோட்டலுக்குள் போய்த் தேடினால் அதன் சொந்தக்காரர் தோசையிலிருந்து தலை தூக்காமல், ஐது நிமிஷ மேடம் என்றார் கன்னடத்தில், அந்த ஐந்து நிமிஷம் இருபதாகிவிட்டது.

கேத்தரினைக் கூப்பிட்டாள். ஃபாதரைக் கொஞ்சம் தாமதிக்கச் சொல்லேன், குழந்தைக்கான கவுனும் என்னிடம்தானே இருக்கிறது என்று கெஞ்சினாள்.

"நீ அவசரப்படாம வாக்கா. நோரா நேத்தே வந்துட்டா, பாப்பாவ அவ புடிச்சிப்பா. கவுனும் இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கோம்."

நோரா, கேத்தரினின் நாத்தனார், நேற்றே... அந்தப் பெட்ரோல் கார் ஆள் ஒருவழியாகக் கை கழுவி வந்து காரை எடுத்தார், பிளக் உள்ளே இறங்கிப் பூட்டிக்கொண்டது, நாற்பது நிமிஷம் என்றது திரை, இனி திட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை. கேத்தரின் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்தபின் போய்ச் சேர்ந்தாள், அன்றைக்கு டிராஃபிக், குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போனாள், ஷிப்டு மாற்ற ஆள் இல்லை, எதுவும் பொய் இல்லையே, இன்றைக்கும்தான் பொய் இல்லை... கேத்தரின் கோபப்பட்டிருந்தால் தேவலை, குரலில் ஒரு சின்ன ஏமாற்றம்கூட இல்லை, போனை எடுத்தாள், வைத்தாள், அந்த இன்னொரு கவுனை என்றைக்கு வாங்கினாய் என்று கேட்கலாமா, கேட்டால் சொல்லிவிடுவாள்...