பிரிசில்லா ஒட்டிய டயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கடலைப் பற்றிக் கதை எழுதத்தான் மாமல்லபுரம் போனேன். வெயில் தாங்காமல் ஒரு ஷாமியானாவுக்குள் ஒதுங்கினேன். அங்கே ஆர்சி கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒரு முழ நீளக் கார்கள், ரிமோட்டில் ஓடுபவை. கடல் காத்திருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பிரிசில்லாவின் மெல்லிய விரல்கள்..."

வேண்டாம். பெண் என்றதும் விரலிலிருந்து ஆரம்பிப்பது என் கெட்ட பழக்கம்.

இரண்டாவது: பிரிசில்லாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்பாக்கத்தில் டெக்னீஷியன். அன்று கார் ஓட்டிய எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். காலைச் சுற்றில் அவள் கார் முதலாவதாக வந்தது.

இது நிற்கட்டும்.

3

முதலாவதாக வந்ததுதான் வினை. பந்தயத்தை நடத்திய பூபாலன் அவள் காரைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் மைக் இருந்தது. அணைக்கவில்லை.

(தெரியாதவர்களுக்கு: இந்தக் கார்களின் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டவேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் வளைவில் டயர் தனியாகக் கழன்று ஓடும்.)

"யாரும்மா இத ஒட்டுனது? உன் வூட்டுக்காரரா?"

"நான்தான்."

"சும்மா சொல்லாத. ஒரு சொட்டு பசை வெளிய வரல. ஓட்றவங்களேதான் வண்டி ரெடி பண்ணணும், அதான் ரூலு. இன்னாத்துக்கு பேஜாரு? உண்மைய சொல்லிட்டு அடுத்த வாட்டி வந்து ஓட்டு."

"மீதி ஏழு பேரையும் இப்டி கேட்டியா, அண்ணாத்த?"

பூபாலன் காரைத் தன் மேசையில் வைத்தார். ["ஏழு பேரும் தலைகுனிந்தார்கள்" என்று எழுதியிருந்தேன். பொய். இரண்டு பேர் சிரித்தார்கள்.]

4

பிரிசில்லா நான்கு சக்கரங்களையும் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். பெட்டியிலிருந்து புது டயர்களையும் ரிம்களையும் எடுத்தாள்.

"ஃபைனலுக்கு எவ்ளோ நேரம் கீது?"

"நாப்பது நிமிஷம்."

"போதும். இங்கியே குந்து. கண்ண எடுக்காத."

ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்தாள். டயருக்குள் ஸ்பாஞ்சு வளையத்தைத் திணித்து, ரிம்மின் பள்ளத்தில் டயரின் விளிம்பை உட்காரவைத்தாள். கட்டைவிரலால் விளிம்பை நெம்பி ஒரு சொட்டுப் பசை. அழுத்து. பத்து எண்ணு. அரை அங்குலம் தள்ளி அடுத்த சொட்டு. ஒரு சுற்று முடிந்ததும் சுற்றிலும் ரப்பர் பேண்டு. நான்காவது சக்கரத்தில் காற்று மேசையை ஆட்டியது. பசை வழிந்து ஆள்காட்டி விரல் டயரோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். தோல் பிய்ந்தது. சத்தமே இல்லாமல் அடுத்த சொட்டை விட்டாள். கண்ணில் நீர்.

[முதல் பிரதியில் "அழுதாள்" என்றிருந்தது. பிரிசில்லா அதைப் படித்துவிட்டு, "அழுவலக்கா, அது பசையோட ஆவி. கண்ண எரிக்கும்" என்றாள். அடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் கண்ணிலும் நீர் வந்தது. அது பசையால்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது.]

5

பூபாலன் ஒரு சக்கரத்தை எடுத்து, இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து டயரைப் பிதுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"சரி, போய் ஓட்டு."

"மைக்குலதானே கேட்ட? மைக்குலயே சொல்லு."

"ஒட்டிக்கீது இல்ல, வுடும்மா."

"வுட மாட்டேன்."

இறுதிச் சுற்றுக்குக் கார்கள் கோட்டில் நின்றன. புதுச் சக்கரங்கள் மாட்டிய அவள் கார் மட்டும் மேசையில். அவள் நகரவில்லை. பூபாலன் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஏழாம் நம்பர் வண்டி... டயரு அவங்களே ஒட்டுனதுதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. (இது நிஜம்.)

6

புது டயர் வளைவுகளில் வழுக்கும். தோல் பிய்ந்த விரல் ரிமோட்டில் தாமதித்தது. அவள் நான்காவதாக வந்தாள். டயர் எதுவும் கழலவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பூபாலனின் சொந்தக் காரைப் பந்தயத்தில் விட்டு, அதன் டயர் கழன்று கடலை நோக்கி உருண்டு... என்று ஒரு முடிவு எழுதினேன். அவள் கோப்பையைத் தூக்குவதாக இன்னொன்று. இரண்டையும் கல்பாக்கத்துக்கு எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன்.

"நாலாவதுதானேக்கா வந்தேன்?"

"கதைதானே பிரிசில்லா."

"நான் ஜெயிச்சாதான் நான் ஒட்டுனது உண்மையாவுமா?"

இரண்டு முடிவுகளையும் கிழித்தேன்.

7

நான்காவது இடம். அவ்வளவுதான். இதற்குமேல் என்னை யார் கேட்டாலும் மாற்றமாட்டேன். கோப்பை இல்லாமல் கதை முடியக்கூடாது என்று நினைக்கும் வாசகர்களுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கோப்பையைத் தூக்குபவளுக்கு மட்டும் வேறு பெயர் வையுங்கள். பிரிசில்லா தன் பெயரைத் தரமாட்டாள்.

.....................................